விரதமிருந்த மூக்கும் பதினைந்து வருட விஸ்கியும்

இருபத்தாறு வருடம் வாயில் விஸ்கியை வைத்துச் சம்பளம் வாங்கினேன். ஒரு சொட்டுகூட விழுங்கியதில்லை. கூலாய் ஊரில் எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டால் பரிவோடு தலையாட்டுவார்கள், ஒருத்தியும் நம்பியதில்லை. கல்யாண வீட்டில் மோர்த் தட்டு என்னிடம் வரும்போது, "கலா, இது போதுமா உனக்கு?" என்று ஒரு குரல் வரும். பின்னால் நாலு சிரிப்பு வரும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "சாஸ் ஃபேக்டரியில குவாலிட்டி பாக்குறா" என்று சொல்லி வைத்திருந்தார். உண்மை என் கணவருக்குத் தெரியவந்தது கல்யாணமாகி நான்காம் மாதம். அவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். ஒன்றுதான் கேட்டார்.

"துப்புறத என்னா பண்ணுவாங்க?"

ஊற்றிவிடுவார்கள். வாளியிலிருந்து கால்வாய்க்கு. பாசிர் கூடாங்கில் எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் அந்தக் கால்வாயோரம் உலாவும் உடும்புகளை நான் பார்த்திருக்கிறேன். மற்ற ஊர் உடும்புகளைவிட நிதானமாக நடக்கும்.

போன மாதம் அங்கே ஓர் இயந்திரம் வந்து இறங்கியிருக்கிறது. முகர்ந்து சொல்லுமாம். குளிர்பெட்டி அளவு உடம்பு, ஒரு குழாய்தான் மூக்கு. அதற்குச் சளி பிடிக்காது, தலைக்கு எண்ணெய் வைக்காது, தைப்பூசத்துக்கு விடுப்புக் கேட்காது. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள்: "அக்கா, மெஷின் தப்பு பண்ணா எப்படி கண்டுபுடிக்கிறது? உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன்."

இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தப்புச் செய்த ஒரு மூக்கைத் தெரியும். அந்தத் தொழிற்சாலையிலேயே உயர்ந்த மூக்கு அது. இரண்டு பக்கத்தில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து முதிர்ந்த விஸ்கி பீப்பாயில் வரும். சோளத்தில் வடித்து, உள்பக்கம் கரியாகச் சுட்ட புது ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் தூங்கவைத்த சரக்கு. இங்கே அதைச் சுங்கப் பூட்டுப் போட்ட கிடங்கில் வைத்து, தண்ணீர் சேர்த்துப் பதமாக்கி, புட்டியில் அடைத்து விமான நிலையக் கடைகளுக்கு அனுப்புவோம். வந்த சரக்கும் போகிற சரக்கும் ஒன்றுதானா என்று சொல்வது என் வேலை. என்னோடு இன்னும் இருவர். சோதனைத் தாளில் எங்களுக்குப் பெயர் கிடையாது. முதல் மூக்கு, இரண்டாம் மூக்கு, மூன்றாம் மூக்கு. நான் முதல் மூக்கு.

அப்படிப் பெயர் வைத்தவர் எங்கள் தலைமைச் சுவைஞர் ராயப்பன் சார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் விஸ்கியையே கண்ணில் காட்டவில்லை. சின்னச் சின்னச் சீசாக்களை வரிசையாக வைத்து முகரச் சொன்னார்கள். பட்டை, கிராம்பு, வெனிலா, ஈர அட்டை, நகப்பூச்சு, பழைய தோல்செருப்பு. இரண்டாம் வருடம் துப்பக் கற்றுக்கொண்டேன். சுத்தமாக, நேராக, உதட்டில் தங்காமல் துப்புவது லேசான காரியமில்லை. அந்தக் கலையை வீட்டில் எங்கும் பயன்படுத்த முடியவில்லை என்பதுதான் வருத்தம்.

ராயப்பன் சாரை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மெலிந்த உடம்பு, இஸ்திரி குலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சீவிய பென்சில் மூன்று. ஞாயிறு தவறாமல் மாதா கோயில். காலையில் சுவையறைக் கதவருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாங்கள் ஒவ்வொருவராக அவர் முன் நின்று தலையைச் சாய்க்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் நின்று காதோரம் ஒருமுறை மூச்சிழுப்பார். பவுடர், வாசனைச் சோப்பு, தேங்காயெண்ணெய், தலைவலித் தைலம், விபூதி, முதல் நாள் இரவு மிளகாய்ச் சம்பல், எதுவும் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஒருமுறை மூன்றாம் மூக்கை நிறுத்தி, "நேத்து உன் பக்கத்து வீட்டுல நெத்திலி வறுத்தாங்களா?" என்று கேட்டார். வறுத்திருக்கிறார்கள்.

அவர் பாராட்டியதும் இல்லை, திட்டியதும் இல்லை. "ம்" என்பார். குட்டையான "ம்" என்றால் சரக்கு தள்ளுபடி. நடுத்தரமான "ம்" என்றால் மறுபடி செய். நீளமான "ம்ம்ம்" என்றால் தேறியது. அந்த நீளத்துக்காக நாங்கள் மூன்று பேரும் வருடக்கணக்கில் ஏங்கினோம். என் கணவரிடமிருந்துகூட நான் அவ்வளவு எதிர்பார்த்ததில்லை.

ஒரு வருடம் காய்ச்சல் ஒன்று தொழிற்சாலையையே படுக்கவைத்தது. எல்லோரும் எழுந்தார்கள். என் மூக்கு எழுந்திருக்கவில்லை. காலையில் கோப்பி கலக்குகிறேன், கோப்பித்தூளைக் காணோம். சாம்பிராணி போடுகிறேன், புகை மட்டும் வருகிறது. மழை வந்தது, மண் சும்மா நனைந்தது. உலகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. நான் இந்தப் பக்கம் நின்று அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். ராயப்பன் சாரிடம் போய் அழுதேன்.

"வீட்டுல இரு. மூக்கு வந்ததும் வா," என்றார். அவரும் காய்ச்சலில் விழுந்தவர்தான், ஒரே வாரத்தில் வேலைக்குத் திரும்பியிருந்தார். இரும்பு மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

முருகனிடம் ஒப்பந்தம் போட்டேன்: நீ மூக்கைக் கொடு, நான் பால்குடம் எடுக்கிறேன். நாற்பதாம் நாள் கழிவறையில் உட்கார்ந்திருக்கும்போது மூக்கு வந்தது. எவ்வளவு மோசமான மணத்தோடு வந்தது என்று சொல்லவேண்டியதில்லை. நான் அங்கேயே கைகூப்பினேன்.

ஆக, அடுத்த தைப்பூசத்துக்கு விரதம். நாற்பத்தெட்டு நாள் மரக்கறி, தரையில் படுக்கை, மது கூடாது. அந்தக் கடைசி விதி என் தொழிலையே தடுத்தது. கோயில் குருக்களிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"முழுங்க மாட்டேன் சாமி, வாயில வெச்சுத் துப்பிடுவேன்."

"நாக்குல பட்டா போச்சும்மா."

"முகர்ந்து பாத்தா?"

அவர் மேலே பார்த்தார். "மூக்கப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தரல. நீ பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாளும் நாக்குக்கு விடுமுறை, மூக்குக்கு மட்டும் வேலை என்று ராயப்பன் சாரிடம் அனுமதி வாங்கினேன். நடுத்தரமான "ம்" கிடைத்தது.

இப்போது அந்தப் பதினைந்து வருடச் சரக்குக்கு வருகிறேன்.

ஒரே ஒரு பீப்பாய். சிங்கப்பூர் ஹோட்டல் ஒன்று தன் பெயரில் புட்டி போடக் கேட்டிருந்தது. ஹோட்டல் திறப்பு தள்ளிப்போனதால் சரக்கு எட்டு மாதம் எங்களிடமே கிடந்தது. இந்தச் சூட்டில் மரத்துக்குள் மேலும் கிடந்தால் கசந்துவிடும் என்று வந்த வாரமே எஃகுத் தொட்டிக்கு மாற்றிப் பூட்டிவிட்டோம். எஃகில் விஸ்கி தூங்கும், வளராது. மாற்றும்போதே ஒரு லிட்டர் எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து ராயப்பன் சாரின் அலமாரிக்குள் வைப்போம். அதற்குச் சாட்சிப் புட்டி என்று பெயர். பின்னால் தொட்டியில் இருப்பது மாறிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் அந்தப் புட்டிதான் சாட்சி. அலமாரிச் சாவி சாரிடம். தொட்டிக் கிடங்கின் சாவி மாரிமுத்து அண்ணனிடம்.

மாரிமுத்து அண்ணன் கிடங்குப் பொறுப்பாளர். தோட்டத்திலிருந்து வந்தவர், பெரிய வயிறு, பெரிய குரல். கிடங்குக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு முனியாண்டி சாமி இருக்கிறார்; மூன்றடி உயரம், முறுக்கிய மீசை, கையில் அரிவாள். கட்டடம் கட்டும்போது மரத்தை வெட்டப் போனவர்களின் இயந்திரம் மூன்று முறை நின்றுபோனதாம், அதிலிருந்து மரத்தையும் விட்டுவிட்டார்கள், சாமியையும் விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை யாராவது சுருட்டு வைப்பார்கள், கிண்ணத்தில் கொஞ்சம் மது ஊற்றுவார்கள். சனிக்கிழமை காலை மாரிமுத்து அண்ணன் பெருக்கிக் கிண்ணத்தைக் கழுவி வைப்பார். அது அவரே எடுத்துக்கொண்ட பொறுப்பு.

ஹோட்டல் கடைசியில் திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. புட்டியில் அடைப்பதற்கு முன் ஒரு வியாழக்கிழமை முக்கோணச் சோதனை வைத்தார்கள். அதை நான் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

தனித்தனித் தடுப்புக்குள் உட்காருவோம். சின்னச் சன்னல் வழியாக மூன்று கிளாஸ் வரும். நிறம் தெரியக்கூடாது என்பதற்காக நீலக் கண்ணாடி. மேலே வட்டமான மூடி. அடியில் ஓர் எண். மூன்றில் இரண்டு ஒரே சரக்கு, ஒன்று வேறு. சாராயம் மூக்கைக் கடிக்காதபடி தண்ணீர் விட்டுப் பாதியாக்கியிருப்பார்கள். மூடியை ஒரு விரல் அகலம் நகர்த்தி, வாயைச் சற்றே திறந்து, ஒரு சிறு மூச்சு. மூடிவிட வேண்டும். பேராசைப்பட்டு இழுத்தால் மூக்கு மரத்துவிடும். அடுத்த கிளாசுக்குப் போகுமுன் முழங்கை மடிப்பை முகர வேண்டும். உலகத்தில் உனக்கு மணக்காத ஒரே மணம் உன்னுடையதுதான், அங்கே போய் மூக்கு இளைப்பாறும். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. மற்றவர்கள் பிறகு நாக்கில் வைப்பார்கள். நான் வைக்கவில்லை.

முதல் கிளாஸ்: காய்ச்சிய வெல்லம், காய்ந்த ஆரஞ்சுத் தோல், மழையில் நனைந்து வெயிலில் உலர்ந்த பலகை. மூன்றாவதும் அதே. நடுவில் இருந்ததோ பச்சை. அவித்த சோளம், பழுக்காத ஆப்பிள், லேசாக நகப்பூச்சு. வயதானவர்களின் பேச்சுக்கு நடுவே ஓர் இளவட்டம் புகுந்து கத்துவதுபோல இருந்தது. நடு எண்ணை எழுதிக் கொடுத்தேன். மூன்று மூக்கும் அதே எண்ணைத்தான் எழுதியிருந்தன.

ஆக, தொட்டியும் சாட்சியும் ஒன்றில்லை. செய்தி பரவ அரை மணி நேரம் போதுமாக இருந்தது. கிடங்கில் அதே அமெரிக்கச் சரக்கில் ஆறு வருடத்து விஸ்கி வேறு தொட்டியில் கிடந்தது. பதினைந்தைக் குடித்துவிட்டு ஆறை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார்கள். சாவி வைத்திருப்பவர் மாரிமுத்து. நிர்வாக மேலாளர் மிஸ் லீ மதியத்துக்குள் கடிதம் அடித்துவிட்டார்: திங்கட்கிழமை விசாரணை, நிரூபணமானால் வேலை நீக்கம். இருபத்து நாலு வருட வேலை.

"நான் பீர்தானம்மா குடிப்பேன்," என்றார் மாரிமுத்து அண்ணன். பெரிய குரல் காணாமல் போயிருந்தது. "அதுவும் வீட்டுல. தொட்டிய நான் தொடவே இல்லமா. புள்ளைங்க மேல சத்தியம்."

நான் சோதனை எண்களை வாங்கிப் பார்த்தேன். நடுக் கிளாசில் இருந்தது தொட்டிச் சரக்கு இல்லை. சாட்சிப் புட்டிச் சரக்கு.

அதாவது தொட்டி கிழவன்போலவே இருக்கிறது. சாட்சிதான் இளைஞனாகியிருக்கிறது. எங்கள் படிவத்தில் எது வேறு என்று மட்டும்தான் கேட்பார்கள். எது கெட்டது என்று எழுதக் கட்டம் கிடையாது. சாட்சி பொய் சொல்லும் என்று படிவம் அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை. ராயப்பன் சாரிடம் ஓடினேன்.

"சார், தொட்டி சரியா இருக்கு. நம்ம சாட்சிப் புட்டிதான் மாறியிருக்கு. சோளம் பச்சையா அடிக்குது."

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். "உன் மூக்கு காய்ச்சல்ல விழுந்து எழுந்த மூக்கு, கலா. நாக்குலயும் வைக்கல. அத வெச்சு சாட்சிப் புட்டியக் குத்தம் சொல்லுவியா?"

"நீங்க ஒருதரம் முகர்ந்து பாருங்க சார்."

"எல்லாரும் பாத்தாச்சு," என்றார். பென்சில் முனை உடைந்தது. அவர் பென்சில் முனை உடைந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் வெள்ளி. விடியற்காலை கோயிலுக்குப் போய்விட்டு நேராகப் பேருந்து ஏறினேன். மனம் முழுக்க மாரிமுத்து அண்ணன். சுவையறை வாசலில் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு சார் முன்னால் தலையைச் சாய்த்தேன். ஒரு மூச்சிழுத்தார்.

"ம். போ."

தடுப்புக்குள் போய் உட்கார்ந்து முதல் கிளாஸ் மூடியை நகர்த்தினேன். விஸ்கிக்குப் பதில் கல்யாண மண்டபம் மணந்தது. தொப்பிக்குள் கைவிட்டுப் பார்த்தேன்: ஒரு முழ மல்லிகைச் சரம். தொப்பி மறைத்த நெற்றியில் சந்தனம், காதோரம் கற்பூரப் புகை வேறு. நடமாடும் கருவறையாக அவர் மூக்கைக் கடந்து வந்திருக்கிறேன். நெத்திலியை அடுத்த வீட்டிலிருந்து பிடித்த மூக்கு, ஒரு சாண் தூரத்து மல்லிகையை விட்டுவிட்டது.

உட்கார்ந்தபடியே எட்டு மாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். எட்டு மாதமாக அவர் மதிப்பெண் போடவில்லை. எங்கள் தாள்களை வாங்கிப் படித்துவிட்டுத்தான் "ம்" சொன்னார். மரியாதை என்று நினைத்திருந்தோம். நாக்கு சுட்டுவிடும் என்று முன்பெல்லாம் ஆறவைத்துக் குடித்த கோப்பியைச் சூடாகவே குடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளை நான் அடையாளம் கண்டிருக்க வேண்டாமா? நானும் அங்கே நாற்பது நாள் நின்றவள்தானே.

அன்று மாலை வேலை முடிந்ததும் பேருந்துக்குப் போகாமல் கிடங்கைச் சுற்றிக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது, வெயில் சாய்ந்திருந்தது. முனியாண்டி முன்னால் வெள்ளைச் சட்டை ஒன்று குனிந்து நின்றது. சட்டைப்பையிலிருந்து மருந்துச் சீசா அளவில் ஒரு சின்னப் புட்டி வந்தது. கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சார்."

திரும்பினார். திருடனைப்போல இருந்தார் என்று எழுத ஆசைதான். மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் ஆளைப்போலத்தான் இருந்தார். நான் கிண்ணத்தின் மேல் குனிந்து, முறைப்படி, வாயைச் சற்றே திறந்து ஒரு சிறு மூச்சிழுத்தேன். முருகன் விரதத்தில் முனியாண்டியின் கிண்ணத்தை முகரலாமா என்று குருக்களிடம் கேட்டு வைக்கவில்லை. அவித்த சோளம், பச்சை ஆப்பிள். அடியில் வெகு தூரத்தில் காய்ந்த ஆரஞ்சுத் தோல்.

"சாட்சிப் புட்டி," என்றேன்.

"உங்கூடத்தான் எனக்கும் போச்சு," என்றார். "உனக்கு நாப்பது நாள்ல வந்துருச்சு. அந்தோனியார்கிட்ட கேட்டேன். காணாமப்போனத அவருதான் எடுத்துக் கொடுப்பாரு. வீட்டுச் சாவி, மூக்குக்கண்ணாடி, எல்லாம் கொடுத்திருக்காரு. இத மட்டும் கொடுக்கல. அப்புறம்தான் இவருகிட்ட வந்தேன். பக்கத்துலயே இருக்காரு, கேக்காம விடுவானேன்னு."

"அதுக்குப் பதினஞ்சு வருஷச் சரக்கா சார்?"

"என்கிட்ட இருந்ததுலயே நல்லது அதான்." ஒரு கணம் பழைய ராயப்பன் சார் எட்டிப் பார்த்தார். "சாமிக்கு ஆறு வருஷத்த ஊத்துவாங்களா?"

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சின்னப் புட்டி. குறைந்த அளவைச் சோதனைக்கு வரும் ஆறு வருடத்தால் நிரப்பி வைத்திருக்கிறார். முதலில் ஒரு துளிதானே என்று நினைத்தாராம். வாரம் போகப் போகச் சாட்சி முழுவதும் இளைஞனாகிவிட்டது, அதை முகர்ந்து சொல்ல வேண்டியவருக்குத் தெரியவில்லை.

"திங்கக்கிழம சொல்லிடுங்க சார். மாரிமுத்து அண்ணன் வேல போயிடும்."

"நான் அவன் பேரச் சொல்லலயே."

"சும்மா இருந்தீங்க. அது போதும்."

முனியாண்டியின் மீசையைப் பார்த்தார். "மூக்கு இல்லாத ராயப்பன் யாரு கலா?" என்றார். பிறகு, "சொல்றேன்," என்றார்.

நான் நம்பினேன். ஆனாலும் திங்கட்கிழமை காலை கேண்டீன் அக்காவிடம் ஒரு சிட்டிகை பெருங்காயம் கேட்டு வாங்கி, அரைக் கிளாஸ் விஸ்கியில் கரைத்து, நீலக் கண்ணாடியில் ஊற்றி, மூடி போட்டு வைத்துக்கொண்டேன். நம்பிக்கை வேறு, முன்னேற்பாடு வேறு. சாராயத்தில் கரைந்த பெருங்காயம் எப்படி என்று முகர்ந்து பார்க்காதவர்கள் தயவுசெய்து வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

விசாரணை அறையில் நாலு பேர். மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ் லீ, இந்தப் பக்கம் ராயப்பன் சார். ஓரமாக மாரிமுத்து அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில், பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திய பையன்போல. சோதனை முடிவைச் சொல்ல நான். மிஸ் லீ மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார், தமிழில் தருகிறேன்.

"மிஸ்டர் ராயப்பன், தொட்டிச் சரக்கு சாட்சிப் புட்டியோடு ஒத்துப்போகவில்லை. சரிதானே?"

"சரி."

"சாட்சிப் புட்டி சரியாகத்தான் இருக்கிறதா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் பென்சிலைப் பார்த்தார்.

"அது என் பொறுப்பில் இருந்தது," என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

மிஸ் லீ பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிடம் மிஸ் லீ," என்றேன். "கையெழுத்துக்கு முன்னால் தலைமைச் சுவைஞர் சாட்சிச் சரக்கை விசாரணை அறையிலேயே முகர்ந்து உறுதிப்படுத்த வேண்டும். அது விதி."

அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நிமிடம்தான் அது பிறந்தது. முகத்தை மாற்றாமல் நீலக் கிளாசை ராயப்பன் சார் முன்னால் வைத்தேன்.

அவருக்கு மறுக்க வழியில்லை. கண்ணை மூடினார். மூடியை ஒரு விரல் அகலம் நகர்த்தினார். வாயைச் சற்றே திறந்து ஒரு சிறு மூச்சு. எவ்வளவு அழகாகச் செய்தார்! அந்த முறையை அவரைவிட நன்றாகச் செய்த ஒருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

"முதலில் காய்ச்சிய வெல்லம்," என்று தொடங்கினார்.

மிஸ் லீயின் மூக்கு சுருங்கியது.

"பின்னால் காய்ந்த ஆரஞ்சுத் தோல். அதிகம் இல்லை, ஜன்னலோரம் வைத்து மறந்துபோன அளவு."

மிஸ் லீ நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். கைக்குட்டை வெளியே வந்தது. மாரிமுத்து அண்ணன், வேலை போகப்போகிற அந்த நேரத்திலும், என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்: சாம்பாரா?

ராயப்பன் சார் கண்ணைத் திறந்தார். கைக்குட்டையைப் பார்த்தார். மாரிமுத்து அண்ணனைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. என் குறும்பு பலித்த சந்தோஷம் கிளம்பிப் பாதி வழியில் நின்றுவிட்டது.

அவர் கிளாசைக் கீழே வைக்கவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"மழையில் நனைந்து உலர்ந்த பலகை," என்றார். "பட்டை, ஒரு கீற்று. தண்ணீர் விட்டதும் பழைய ஜெபப்புத்தகத்தின் தோல் அட்டை. அது மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் புகையிலை. முடிவு நீளம். ரொம்ப நீளம்."

ஒரு சொல் பிசகவில்லை. எட்டு மாதத்துக்கு முன், காய்ச்சலுக்கு முந்திய வாரம், அந்தப் பீப்பாயை முதலில் திறந்தபோது அவர் எழுதிய குறிப்பு அது. அந்தச் சரக்கைப் பற்றி இன்றுவரை அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. அவர் கையிலிருந்தது மட்டும் பெருங்காயம்.

"அலமாக்! அந்தக் கிளாஸில் என்ன செத்துப்போயிருக்கிறது?" என்றார் மிஸ் லீ, கைக்குட்டைக்குள்ளிருந்து.

"என் மூக்கு," என்றார் ராயப்பன் சார். கிளாசை மூடினார். "எழுதிக்கொள்ளுங்கள். செத்து எட்டு மாதம் ஆகிறது. தொட்டியில் ஒரு குறையும் இல்லை. சாட்சிப் புட்டியில் ஆறு வருடத்தைக் கலந்தது நான். மாரிமுத்து எதையும் தொடவில்லை."

மிஸ் லீ ஏன் என்று கேட்டார். முனியாண்டியை ஆங்கிலத்தில் விளக்குவதற்குச் சாருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அந்தோனியாரும் நடுவில் வந்து போனார். முடிவில் மிஸ் லீ குற்றச்சாட்டுக் கடிதத்தை நாலாகக் கிழித்தார். ராயப்பன் சாருக்கு எழுத்துமூல எச்சரிக்கை. சுவையறையிலிருந்து பதிவேட்டு அறைக்கு மாற்றம். ஓய்வுபெறும்வரை அங்கே இருந்தார். யாரையும் முகரவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது அதற்கப்புறம், அறைக்கு வெளியே, நடைவழியில் நடந்தது.

மூன்று பேரும் வெளியே வந்து நின்றோம். மாரிமுத்து அண்ணன்தான் தொடங்கினார்.

"முனிக்கு ஊத்துனது நீங்களா சார்? நான் கலானு நெனச்சேன்."

"நானா? விரதத்துலயா அண்ணே?"

"யாரோ ஊத்துறாங்கனு விட்டுட்டேன் லா. வெள்ளிக்கிழம சாயந்திரம் ஊத்தியிருக்கும். சனிக்கிழம காலைல போயி பாத்தா சாமி தொட்டிருக்க மாட்டாரு. அப்படியே இருக்கும். கொட்டவும் மனசு வராது, சாமிக்கு வெச்சது பாருங்க." குரல் மெல்லத் தேய்ந்தது. "அதான் புட்டியில ஊத்தி வீட்டுக்குக் கொண்டு போயி..."

நான் மிஸ் லீயின் கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். மூடியிருந்தது. உள்ளே குப்பையில் நாலாகக் கிழிந்து கிடந்த கடிதத்தில், பதினைந்தைக் குடித்தவர் மாரிமுத்து என்றது உண்மை. குடித்தது தொட்டியிலிருந்து இல்லை, கிண்ணத்திலிருந்து.

"எட்டு மாசமாவா?" என்றார் ராயப்பன் சார்.

"பிரசாதம்தான சார்."

சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. பசித்தவன் சாப்பிட்டவனைப் பார்க்கும் பார்வை. கொஞ்சம் கிட்டே வந்து, சோதனை அறையில் எங்களிடம் கேட்கும் அதே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

மாரிமுத்து அண்ணன் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவர் கேட்கிறார், சரியாகச் சொல்ல வேண்டும்.

"நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஆனா தொண்டையில கொஞ்சம் பிடிக்கும். அதனால ஆரஞ்சு சோடா நெறைய ஊத்திக்குவேன்."

மூக்கு செத்த கதையை அறையில் போட்டு உடைத்தபோது கலங்காத ராயப்பன் சார், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.